டிவி கன்சோலா, கையடக்க கன்சோலா? பணம் கட்டும் முன் வரிசையாக முடிக்க வேண்டிய வேலைகள்

முதல்முறை கன்சோல் வாங்குகிறவர்களில் பலர் பெட்டியை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். அதில் என்ன விளையாடுவது, வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து விளையாடுவது என்ற யோசனை பில் போட்ட பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கீழே உள்ள படிகளையும் அதே வரிசையில் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளிலேயே சிலருக்கு விடை கிடைத்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, டிவியின் மாடல் எண், இரவு எட்டு மணிவாக்கில் அளந்த இணைய வேகம், ஒரு தாள், ஒரு வாரப் பொறுமை. எட்டு மணி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தெருவே இணையத்தில் இருக்கும் நேரம் அது. காலையில் அளந்தால் கிடைக்கும் வேகம் உங்களை ஏமாற்றும்.

பெயர்களையும் தெளிவாக்கிக்கொள்வோம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவை டிவி இல்லாமல் இயங்காதவை. நின்டெண்டோ ஸ்விட்ச் லைட், ஸ்டீம் டெக், ஆசஸ் ராக் ஆலை, லெனோவோ லீஜன் கோ ஆகியவை கையில் பிடித்து விளையாடுபவை. சாதாரண ஸ்விட்ச், அதன் ஓஎல்இடி மாடல், 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 ஆகிய மூன்றும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் வைத்தால் டிவியில் ஓடும், எடுத்தால் கையில் ஓடும்.

பிளேஸ்டேஷன் போர்ட்டலைப் பார்த்து ஏமாற வேண்டாம். பார்க்கக் கையடக்க கன்சோல் போலவே இருக்கும். அதற்குள் கேமை நிறுவ முடியாது. வீட்டில் உள்ள பிஎஸ்5-இல் ஓடும் கேமை வைஃபை வழியாக வாங்கிக் காட்டுவதுதான் அதன் முதன்மையான வேலை. பிஎஸ்5 இல்லாத வீட்டுக்குப் பரிசாக இதை வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள்.

1. ஒரு வாரம் ஹால் டிவியைக் கவனியுங்கள்

ஒற்றை டிவி உள்ள வீட்டில் இதுதான் முதல் கேள்வி. தாளில் ஏழு நாளுக்கும் கட்டம் போட்டு, நீங்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் டிவி யார் கையில் இருக்கிறது என்று குறியுங்கள். மாலை ஆறரையிலிருந்து பத்து வரை சீரியல், ஞாயிறு முழுக்கக் கிரிக்கெட் என்றால், டிவி கன்சோல் இரவு பத்தரைக்கு மேல்தான் உங்களுடையது.

எத்தனை நிமிடம் தொடர்ந்து கிடைக்கிறது என்பதையும் எழுதுங்கள். கதையுள்ள பெரிய கேம்களுக்கு ஓர் அமர்வில் ஒன்று, ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். இருபது இருபது நிமிடமாகத்தான் நேரம் கிடைக்கிறது என்றால் கையடக்கமே பொருந்தும். பொத்தானை அழுத்தினால் தூங்கும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து எழும்.

வாரத்தில் மூன்று நாளுக்குக் குறைவாகத்தான் டிவி கிடைக்கும் என்று தாள் சொன்னால், டிவி கன்சோலை மறந்துவிடுங்கள், அல்லது கன்சோல் பணத்தோடு ஒரு மானிட்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். “சீரியல் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்று வாங்கியவர்களின் கன்சோல்கள்தான் ஆறு மாதத்தில் விற்பனை விளம்பரங்களில் வருகின்றன.

2. விளையாட விரும்பும் ஐந்து கேம்களை எழுதுங்கள்

கன்சோல் என்பது கேமை ஓட்டும் பெட்டி. வேண்டிய கேம் அதில் இல்லையென்றால் மற்ற எந்தச் சிறப்பும் உதவாது. ஐந்து பெயர்களை எழுதி, ஒவ்வொன்றும் எந்தக் கன்சோலில் வருகிறது என்று அந்தந்தக் கடைத் தளத்திலேயே தேடுங்கள். மரியோ, செல்டா, போகிமானின் முதன்மைக் கேம்கள் நின்டெண்டோவில் மட்டும். ஜிடிஏ 6-க்கு முதலில் அறிவிக்கப்பட்டவை பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவை மட்டுமே.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளிருப்பது ஒன்றாக இருக்காது. ஸ்விட்சுக்கு வந்த ஃபிஃபா 23 “லெகசி எடிஷன்”. அணிகளும் உடைகளும் புதியவை, உள்ளே விளையாட்டு பழையது. சில கேம்கள் ஸ்விட்சில் “கிளவுட் வெர்ஷன்” என்று வரும். இணையம் இல்லாமல் அவை திறக்கவே திறக்காது. ரயிலில் விளையாட வாங்கியவருக்கு இதைவிட ஏமாற்றம் இல்லை.

ஸ்டீம் டெக் பக்கம் போகிறவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். அது விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தில் ஓடுகிறது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள் விண்டோஸை மட்டும் ஏற்பதால் ஃபோர்ட்நைட், வேலரன்ட் போன்றவை அதில் ஓடாது. ஸ்டீம் என்ற கணினிக் கேம்களின் இணையக் கடையில் ஒவ்வொரு கேமுக்கும் “வெரிஃபைடு”, “பிளேயபிள்”, “அன்சப்போர்ட்டட்” என்று குறி இருக்கும். “பிளேயபிள்” என்றால் ஓடும், ஆனால் எழுத்து பொடியாக இருக்கலாம், இடையில் விசைப்பலகை கேட்கலாம். ராக் ஆலை, லீஜன் கோ ஆகியவற்றின் விண்டோஸ் மாடல்களில் இந்தத் தடை குறைவு. அதற்குப் பதிலாக விண்டோஸ் அப்டேட்டுகளின் தொல்லை வரும்.

3. யாரோடு விளையாடப் போகிறீர்கள்?

ஒரே சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து விளையாடுவது நோக்கமானால், சாதாரண ஸ்விட்ச் பெட்டியிலேயே அதற்கு வழி இருக்கிறது: இரு பக்கமும் உள்ள ஜாய்கான் என்ற சின்னக் கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்று பிடிக்கலாம். பிஎஸ்5 பெட்டியில் பொதுவாக ஒரு கன்ட்ரோலர்தான். இரண்டாவதற்கு ஐந்தாறாயிரம் ரூபாய் தனி. ஸ்விட்ச் லைட்டில் கன்ட்ரோலர் கழலாது, டிவி இணைப்பும் கிடையாது. லைட்டுக்கு டாக் வாங்கினால் டிவியில் வந்துவிடும் என்று நம்பி டாக் வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. எந்த டாக்கும் வேலை செய்யாது.

நண்பர்களோடு இணையத்தில் என்றால், அவர்களிடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எல்லாக் கேமிலும் கன்சோல் மாறி ஆடும் வசதி இல்லை. காசு கொடுத்து வாங்கிய கேமை இணையத்தில் சேர்ந்து ஆட பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ மூன்றிலும் சந்தா வேண்டும். ஸ்டீமில் வேண்டாம்.

4. டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

டிவி கன்சோல் உங்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டால் இந்தப் படியைத் தாண்டலாம்.

பிஎஸ்5-இலும் எக்ஸ்பாக்ஸிலும் படம் வெளியே வர எச்டிஎம்ஐ ஒன்றே வழி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் மட்டுமுள்ள பழைய டிவியில் நேராகச் செருக முடியாது. செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார் போக ஓர் எச்டிஎம்ஐ காலியாக இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

4கே படம் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு எச்டிஎம்ஐ 2.0 போதும். 4கே-யில் 120 ஃபிரேம் வேண்டுமானால் 2.1 வேண்டும், டிவி பேனலும் உண்மையிலேயே 120 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் எழுதும் பெரிய “மோஷன்” எண்களை நம்பாமல் மாடல் எண்ணைப் போட்டு “நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்” (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்ற எண்) என்ன என்று பாருங்கள். 1080 பிக்சல் டிவிக்கு, விலையும் திறனும் கூடிய மாடலான பிஎஸ்5 ப்ரோ வாங்குவது பணத்தை வீணடிப்பது. அந்த டிவிக்கு சீரிஸ் எஸ் அல்லது சாதாரண பிஎஸ்5 தாராளம்.

டிவியின் அமைப்பில் “கேம் மோட்” இருக்கிறதா என்று இப்போதே தேடி வையுங்கள். படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரத்தால் பொத்தான் அழுத்தியதற்கும் திரையில் அசைவதற்கும் இடைவெளி விழும். கேம் மோட் அந்த வேலைகளை நிறுத்திவிடும். கன்சோல் மந்தமாக இருக்கிறது என்ற புகாருக்கு இதுதான் காரணமாக இருக்கும் பல நேரம்.

பிறகு அளவு நாடா. பிஎஸ்5 ஸ்லிம் 358 மில்லிமீட்டர் உயரம், 216 ஆழம், 96 தடிமன். 2020-இல் வந்த முதல் மாடல் 390-க்கு 260-க்கு 104. சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஸ்டாண்டுக்குள் அடைத்தால் வெந்நீர் அண்டாபோல் சூடாகி, விசிறி இரைந்து, கடைசியில் தானே அணைந்துவிடும்.

5. இணையமும் இடமும்: கணக்குப் போட்டே ஆக வேண்டிய படி

டிஸ்க் வாங்கினாலும் கேம் உள்ளே நிறுவப்பட்டுத்தான் ஓடும். அதனால் இணையமும் ஸ்டோரேஜும் எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை.

பெரிய கேம் ஒன்றை 100 ஜிபி என்று வையுங்கள். உங்கள் இணைப்பில் நிஜமாகக் கிடைக்கும் வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால் இறங்க ஐந்தரை மணி நேரம். 100 எம்பிபிஎஸ் என்றால் இரண்டேகால் மணி நேரம். வீட்டு இணைப்பே இல்லை, தினம் 2 ஜிபி கொடுக்கும் மொபைல் டேட்டாதான் என்றால் ஐம்பது நாள். அப்படிப்பட்ட வீட்டில் டிஸ்க் டிரைவ் உள்ள பெட்டியோ, கார்டு போடும் ஸ்விட்சோதான் சரி. கார்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது: ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கேம்கள் “கேம் கீ கார்டு”. கார்டுக்குள் திறவுகோல் மட்டும் இருக்கும், கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். அட்டைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், படித்து வாங்குங்கள்.

பெட்டியில் எழுதிய அளவு முழுதும் உங்களுக்குக் கிடைக்காது. சீரிஸ் எஸ் 512 ஜிபி என்பதில் கேமுக்கு மிஞ்சுவது 364. முதல் பிஎஸ்5-இன் 825-இல் 667. ஸ்விட்ச் லைட்டில் மொத்தமே 32, ஓஎல்இடியில் 64, ஸ்விட்ச் 2-இல் 256. ஆகவே ஸ்டோரேஜ் சேர்க்கும் வழியை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அது வேறு.

பிஎஸ்5: உள்ளே எம்.2 எஸ்எஸ்டி (சின்னப் பட்டை வடிவ ஸ்டோரேஜ்) செருகும் இடம் உண்டு. பிசிஐஇ நான்காம் தலைமுறை, படிக்கும் வேகம் நொடிக்கு 5500 எம்பி அல்லது மேல், கட்டாயம் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு), அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். உயரமான ஹீட்சிங்க் ஒட்டிய எஸ்எஸ்டியை வாங்கிவிட்டு மூடி மூடாமல் தவிப்பது வழக்கம். யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பிஎஸ்4 கேம்களை நேராக ஓட்டலாம். பிஎஸ்5 கேம்களைப் போட்டு வைக்கலாம், அங்கிருந்து ஓட்ட முடியாது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ்: சீரிஸுக்கென்று எழுதிய கேம்களை ஓட்ட, அதற்கென்றே வரும் விரிவாக்கக் கார்டு மட்டும். விலை அதிகம், இதை சீரிஸ் எஸ்-இன் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

ஸ்விட்ச், ஸ்டீம் டெக்: சாதாரண மைக்ரோ எஸ்டி போதும். ஸ்விட்ச் 2: மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் மட்டும். பழைய கார்டைப் போட்டால் படங்களையும் வீடியோவையும் படிக்கும், கேம் ஏறாது. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவதுண்டு.

6. கரண்ட்

பவர் கட் உள்ள ஊரில் கையடக்கத்துக்குப் பெரிய சாதகம் அதன் பேட்டரிதான். டாக்கில் இருக்கும்போது கரண்ட் போனால் ஸ்விட்ச் அணையாது. எடுத்துக் கையில் வைத்துத் தொடரலாம். பிஎஸ்5 சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் அந்தச் சேமிப்பு கெடலாம். அடிக்கடி கட் ஆகும் இடத்தில் ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்துவிடுங்கள். ரெஸ்ட் மோட் என்பது பாதி விழிப்பு.

டிவி கன்சோல்தான் என்றால் யூபிஎஸ் யோசியுங்கள். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும், 43 அங்குல டிவி இன்னும் நூறுக்குள். கடையில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். சில நிமிடம் கிடைக்கும். சேமித்து அணைக்க அது போதும், தொடர்ந்து விளையாட அல்ல. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் கன்சோலை அதில் மாட்டாதீர்கள். சைன் அலை வகையே ஏற்றது.

ஈபி பில்லையும் பார்த்துவிடுவோம். 200 வாட், தினம் இரண்டு மணி நேரம், தமிழ்நாட்டில் பில் வரும் அறுபது நாளுக்கு 24 யூனிட். டாக்கில் உள்ள பழைய ஸ்விட்சுக்கு இரண்டு யூனிட்டுகூட வராது. ஏற்கனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீட்டில் அந்த 24 உறைக்கும்.

7. கையில் பிடித்துப் பார்க்காமல் கையடக்கம் வாங்காதீர்கள்

எடை: ஸ்விட்ச் லைட் 275 கிராம், ஓஎல்இடி ஜாய்கானோடு 420, ஸ்விட்ச் 2 சுமார் 535, ராக் ஆலை 608, ஸ்டீம் டெக் ஓஎல்இடி 640, லீஜன் கோ 854. கடையில் இரண்டு நிமிடம் பிடித்தால் எல்லாமே லேசாகத்தான் தெரியும். வீட்டில் ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, இரண்டு கையாலும் நெஞ்சுயரத்தில் அரை மணி நேரம் பிடித்திருங்கள். மணிக்கட்டே பதில் சொல்லும்.

பேட்டரி நேரத்தில் நிறுவனம் தரும் இரண்டு எண்களில் சின்ன எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் 2-க்கு 2 முதல் 6.5 மணி நேரம், ஸ்டீம் டெக் எல்சிடிக்கு 2 முதல் 8, ஓஎல்இடிக்கு 3 முதல் 12. பெரிய எண் எளிய இருபரிமாணக் கேமுக்கு; நீங்கள் வாங்கப் போகும் பெரிய கேமுக்குச் சின்ன எண்தான்.

பவர் பேங்க் இருக்கிறதே என்பார்கள். 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட் ஹவர். இழப்பு போக 55 அளவுக்குக் கையில் கிடைக்கும். 40 வாட் ஹவர் பேட்டரி உள்ள ஸ்டீம் டெக் எல்சிடியை ஒருமுறையும் கொஞ்சமும் நிரப்பலாம். அதுவும் யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) வகையாக, 45 வாட் கொடுப்பதாக இருந்தால். போனுக்கு வாங்கிய 10 வாட் பவர் பேங்கை மாட்டினால் சார்ஜ் ஏறுவதுபோல் காட்டிக்கொண்டே பேட்டரி இறங்கும்.

கண்ணும் முக்கியம். டிவிக்காக எழுதப்பட்ட கேமை ஏழங்குலத் திரையில் ஓட்டினால் உரையாடல் எழுத்து எறும்பு வரிசையாகிவிடும். வெள்ளெழுத்து தொடங்கிய வயதினர் எட்டங்குலத்துக்குக் குறையாமல் பார்ப்பது நல்லது.

8. மூன்று வருடச் செலவைக் கூட்டுங்கள்

தாளில் இப்படி எழுதுங்கள்: பெட்டி, இரண்டாவது கன்ட்ரோலர், ஸ்டோரேஜ், மூன்று வருடச் சந்தா, வருடத்துக்கு நான்கு கேம், தேவையானால் யூபிஎஸ் அல்லது பவர் பேங்க். பெட்டி விலையில் மலிவாகத் தெரிந்தது இந்தக் கூட்டலில் பல நேரம் மேலே போய்விடும்.

டிஸ்க் டிரைவ் இந்தக் கணக்கை மாற்றும். புதிதாக வரும் பெரிய கேம் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய். டிஸ்க்காக வாங்கினால் முடித்ததும் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். டிஜிட்டலாக வாங்கியதை விற்க முடியாது. பிஎஸ்5 ஸ்லிம் டிஜிட்டலிலும் ப்ரோவிலும் டிரைவைப் பிறகு தனியாகச் சேர்க்கலாம் (முதல்முறை இணைக்க இணையம் வேண்டும்). சீரிஸ் எஸ்-இல் எக்காலத்திலும் முடியாது. ஸ்டீமில் மறுவிற்பனை இல்லாவிட்டாலும் விலை ரூபாயில், தள்ளுபடிக் காலங்களில் நன்றாகவே இறங்கும். நின்டெண்டோவின் சொந்தக் கேம்கள் வருடக்கணக்கில் விலை இறங்காமல் நிற்கும். அதனாலேயே அவற்றின் கார்டுக்கு மறுவிற்பனை மதிப்பு அதிகம்.

9. வாரண்டி, கணக்கு, நாடு

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ராக் ஆலை ஆகியவை இந்தியாவில் முறையாக விற்கப்பட்டவை. பில்லோடு வாங்கினால் வாரண்டி உண்டு. ஸ்விட்சும் ஸ்டீம் டெக்கும் இங்கே பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. “கடை வாரண்டி” என்று சொன்னால் எத்தனை மாதம், பழுதா மாற்றா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தால், அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். பிளக்கை மாற்றினால் இங்கே ஓடும்.

பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது கொடுக்கும் நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. டிஸ்க் எந்த நாட்டுப் பதிப்பாக இருந்தாலும் ஓடும். அதன் கூடுதல் பகுதிகளை வாங்கும்போது டிஸ்க்கின் நாடும் கணக்கின் நாடும் பொருந்த வேண்டும். நின்டெண்டோ கணக்கில் நாட்டை மாற்றலாம், பரிசு அட்டை மட்டும் அந்த நாட்டுடையதாக இருக்க வேண்டும்.

10. முடிவு எடுக்கும் இடம்

இப்போது தாளைப் பாருங்கள். டிவி நேரமும் பெரிய கேம்களும் இருந்தால் பிஎஸ்5, டிஸ்க் டிரைவோடு. டிவி உண்டு, பணம் குறைவு, வேகமான இணையம் உண்டு என்றால் சீரிஸ் எஸ். டிவி கிடைக்காது, ஏற்கனவே ஸ்டீமில் வாங்கிக் குவித்த கேம்கள் இருக்கின்றன என்றால் ஸ்டீம் டெக். சின்னப் பிள்ளைகள், சேர்ந்து விளையாட்டு, பயணம் என்றால் ஸ்விட்ச் அல்லது ஸ்விட்ச் 2. லைட்டை ஒரே ஆள் மட்டும் விளையாடும் இடத்துக்கே பரிந்துரைக்கலாம்.

இரண்டையும் ஒருசேர வாங்குவது ஆரம்பத்தில் வேண்டாம். ஒன்று தூசி தின்னும்.

11. செகண்ட் ஹேண்ட் என்றால்

நேரில், கரண்டும் வைஃபையும் உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள். ஸ்டிக்கைத் தொடாமல் விட்டால் திரையில் ஏதாவது நகர்கிறதா பாருங்கள்; நகர்ந்தால் ட்ரிஃப்ட், அதாவது ஸ்டிக் பழுது. முதல் மாடல் பிஎஸ்5-இல் டிஸ்க் டிரைவ் மதர்போர்டோடு பிணைக்கப்பட்டது, வேறு டிரைவைப் போட்டால் டிஸ்க்கைப் படிக்காது. ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்விட்சில் நின்டெண்டோவின் இணையக் கடையான இ-ஷாப்பைத் திறந்து பாருங்கள்: தடை செய்யப்பட்ட பெட்டி அங்கே பிழை எண் காட்டும். விற்பவர் முன்னிலையிலேயே அவர் கணக்கை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்தபின் பணம் கொடுங்கள்.

12. வாங்கிய முதல் வாரம்

முதலில் சிஸ்டம் அப்டேட், பிறகு கணக்கு, பிறகு ஸ்டோரேஜ், கடைசியில் கேம். கார்டைப் பிறகு போடலாம் என்று கேம்களை உள்ளேயே நிரப்பினால் இரண்டு நாளில் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டிவரும்.

சேமிப்புகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்விட்சில் சேமிப்பு பெட்டியின் உள்நினைவில்தான் இருக்கும், எஸ்டி கார்டில் அல்ல. கிளவுடில் ஏற்றச் சந்தா வேண்டும், சில கேம்களுக்கு அதுவும் கிடையாது. பிஎஸ்5-இலும் கிளவுட் சேமிப்புக்குச் சந்தா. எக்ஸ்பாக்ஸிலும் ஸ்டீமிலும் இலவசம்.

ரசீதையும் பெட்டியையும் திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும்வரை வைத்திருங்கள். அந்த நாட்களுக்குள் பெரிய கேம் ஒன்றை இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டி, தானே அணைகிறதா, விசிறி உரசுகிறதா என்று கேளுங்கள். கையடக்கம் என்றால் ஊருக்குப் போகும் முன்பு வீட்டிலேயே வைஃபையை அணைத்துவிட்டு ஒவ்வொரு கேமாகத் திறந்து பாருங்கள். உரிமம் சரிபார்க்க இணையம் கேட்கிற கேம் எது என்று ஹாலில் தெரிந்தால் சரிசெய்யலாம். விழுப்புரம் தாண்டிய பிறகு தெரிந்தால் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.